ஆறாம் மாதத்தில் கர்ப்பத்தை முடிக்க நேர்ந்தவர்களுக்கு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

லேபர் வார்டில் பதினெட்டு வருடம் நர்ஸாக இருந்தேன். குழந்தைக்குப் பெரிய குறை என்று தெரிந்து கர்ப்பத்தை முடித்த பெண்களோடுதான் இப்போது என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

25 வாரம் அக்கா. குழந்தைக்கு இரண்டு சிறுநீரகமும் இல்லை என்கிறார்கள். 24 வாரம் தாண்டியதால் சட்டப்படி முடியாது என்று டாக்டர் அனுப்பிவிட்டார். உண்மையா?

இல்லைமா. 2021-ல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி கடுமையான குறைபாடு இருந்தால் வாரக் கணக்கு தடையில்லை, ஆனால் மருத்துவக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். மகப்பேறு, குழந்தைகள், ஸ்கேன் மருத்துவர்கள் அதில் இருப்பார்கள். விண்ணப்பம் கொடுத்த 3 நாளுக்குள் அவர்கள் கருத்து சொல்ல வேண்டும், சரி என்றால் விண்ணப்பம் கொடுத்த 5 நாளுக்குள் முடித்துத் தர வேண்டும். எல்லா ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் கேளுங்கள். 18 வயது நிறைந்திருந்தால் உங்கள் கையெழுத்து மட்டும் போதும், கணவரோ மாமியாரோ போட வேண்டியதில்லை. 2008-ல் மும்பையில் நிகேதா மேத்தா என்ற பெண், வயிற்றிலிருந்த குழந்தைக்கு இதயக் கோளாறு என்று உயர் நீதிமன்றம் போனார். அப்போது வரம்பு 20 வாரம், அவருக்கு மறுத்துவிட்டார்கள். அவரும் அவருக்குப் பின் எத்தனையோ பெண்களும் கோர்ட் படி ஏறி இறங்கிய பிறகுதான் சட்டம் மாறியது.

எனக்கும் இதே பிரச்சினைதான், முடித்து மூன்று மாதம் ஆகிறது. நானே கொன்றுவிட்டேனோ என்று ராத்திரி தூக்கம் வருவதில்லை.

நாலாம் மாதத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பங்கு குழந்தை கழிக்கும் சிறுநீர்தான். சிறுநீரகம் இல்லையென்றால் நீர் இல்லை, நீர் இல்லாமல் நுரையீரல் வளராது. வயிற்றில் இருக்கும்வரை நஞ்சுக்கொடி வழியாக நீங்கள் அதற்காகச் சுவாசித்தீர்கள். வெளியே வந்திருந்தால் மூச்சுக்குத் திணறி, பெரும்பாலும் சில மணி நேரத்தில் போயிருக்கும். அந்தத் திணறலைக் குழந்தைக்கு விடாமல் நீங்கள் உங்கள் தலையில் வாங்கிக்கொண்டீர்கள், அதற்குப் பெயர் கொலை இல்லை. முடிவு சரியாக இருந்தால் அழுகை வரக்கூடாது என்று யார் சொன்னது? ஒரு அம்மா தன் பழைய காட்டன் புடவையைக் கிழித்து, துவைத்து மடித்துப் பையில் கொண்டுவந்திருந்தார், பிறக்கும் குழந்தைக்குச் சுற்றுவதற்கு. சுற்றிக் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு கால் விரலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு "அப்பா விரல்" என்றார். அவருக்கும் தன் முடிவில் சந்தேகமே இல்லை, இருந்தாலும் அழுதார்.

ஊசி போட்டுக் குழந்தையின் இதயத்தை நிறுத்துவார்களாமே, அதற்கு வலிக்குமா?

28 வாரத்துக்கு முன் கரு வலியை உணர வாய்ப்பு மிகக் குறைவு என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2022-ல் சொல்லியிருக்கிறது. அதற்கு மேல் என்றால் குழந்தைக்கும் வலி மருந்து உண்டா என்று கூச்சப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

டவுன் சிண்ட்ரோம் என்று தெரிந்திருக்கிறது, என்ன செய்ய?

ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் அறிவு வளர்ச்சி மெதுவாகும் நிலை இது, மேலே சொன்னதோடு சேர்க்க மாட்டேன். அந்தக் குழந்தைகள் வாழ்கிறார்கள், படிக்கிறார்கள், வேலைக்கும் போகிறார்கள். முடிவு உங்களுடையதுதான், ஆனால் எடுக்கும் முன் அப்படி ஒரு பிள்ளையை வளர்க்கும் வீட்டுக்கு ஒரு மணி நேரம் போய்விட்டு வாருங்கள். போய் வந்தும் முடியாது என்று சொன்ன பெண்களை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை.

பால் சுரந்துவிட்டது. யாருமே சொல்லவில்லை.

முன்பே சொல்லியிருக்க வேண்டும்மா, குழந்தை இல்லாத வீட்டில் ஜாக்கெட் நனைவதைப் போலக் கொடுமை வேறில்லை. நிறுத்த மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். பீய்ச்சி எடுத்துக்கொண்டே இருக்காதீர்கள், இன்னும் சுரக்கும். தாங்க முடியாமல் கட்டினால் மட்டும் கொஞ்சம் எடுங்கள். பாட்டிகள் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்களே, அதை வேலூர் மருத்துவர்கள் மாத்திரையோடு ஒப்பிட்டு 1988-ல் ஆய்வே வெளியிட்டார்கள், பால்கட்டு குறைவதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். காய்ச்சலோ மார்பில் சிவப்போ வந்தால் உடனே மருத்துவமனை. வேலைக்குப் போகிறவர் என்றால் சம்பளத்தோடு 6 வார விடுப்பு சட்டத்தில் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

மனைவி ஸ்கேன் படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். எடுத்து மறைத்துவிடலாமா சிஸ்டர்?

வேண்டாம் தம்பி. அவரிடமே கேட்டு வாங்கி, நீங்களும் ஒரு தடவை பாருங்கள்.