கருத்தடை முறைகள்: நர்சிங் பிள்ளைகளின் கேள்விகளும் என் பதில்களும்

குடும்ப நலப் பாடம் வந்தாலே பிள்ளைகள் புத்தகத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். அதனால்தான் கூச்சப்படாமல் கேளுங்கள் என்றேன். நெல்லைப் பக்கத்துக் கிராமங்களில் நர்ஸம்மாவாக அலைந்தவள் நான், இப்போது பாடம் எடுக்கிறேன். டாக்டர் இல்லை. எந்த முறையைப் பற்றிக் கேட்டாலும் 'அவள் பால் கொடுக்கிறாளா?' என்று திருப்பிக் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அம்பாசமுத்திரம் மாணவி: அக்கா, பரீட்சைக்கு எப்படி வகை பிரித்து எழுத வேண்டும்?

தற்காலிகம், நிரந்தரம் என்று இரண்டாகப் பிரி. ஆணுறை, மாலா என் (தினசரி மாத்திரை), சாயா (வார மாத்திரை), அந்தரா (மூன்று மாத ஊசி), காப்பர் டி (கருப்பைக்குள் வைப்பது) முதல் வகை. பெண்ணுக்கும் ஆணுக்கும் செய்யும் கு.க. (குடும்பக் கட்டுப்பாடு) ஆபரேஷன் இரண்டாவது. 1952-இல் தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிய நாடு இந்தியா என்று ஒரு வரி சேர்த்துக்கொள். இவற்றில் பால்வினை நோயையும் தடுப்பது ஆணுறை மட்டும்தான்.

முக்கூடல் மாணவி: பிரசவமாகி இரண்டு மாதமான அக்காவுக்கு மாலா என் கொடுக்கலாமா?

பால் கொடுக்கிறாளா? கொடுத்தால் கூடாது. அதில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இருக்கிறது, பால் குறையலாம். குழந்தைக்கு ஆறு மாதமாகும் வரை தள்ளிவை. சாயா, காப்பர் டி கொடுக்கலாம். ஆறு வாரம் கழிந்துவிட்டதால் அந்தராவும் போடலாம். 'பால் கொடுத்தால் கரு நிற்காது' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு. குழந்தை ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும், தாய்ப்பால் தவிர வேறெதுவும், தண்ணீர்கூட, கொடுக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பாதுகாப்பு போயிற்று. பால் கொடுக்காதவளாக இருந்தாலும் பி.பி. பார்க்காமல் மாலா என் அட்டையை நீட்டாதே.

வள்ளியூர் மாணவி: சாயாவை வாரம் எத்தனை தடவை? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

நல்ல கேள்வி. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன்பின் வாரத்துக்கு ஒன்று. மாதவிலக்கான முதல் நாளே முதல் மாத்திரை. அது ஞாயிறு என்றால் ஞாயிறும் புதனும், நான்காம் மாதத்திலிருந்து ஞாயிறு மட்டும். இந்த மாற்றத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஆகவே அட்டையில் கிழமையை எழுதிக் கொடு.

இது லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மருந்து, ஹார்மோன் கிடையாது. மாதவிலக்கு தள்ளிப்போவது இதில் சகஜம். அதை முதலிலேயே சொல்லாவிட்டால் 'கரு நின்றுவிட்டது' என்று பயந்து பாதியில் விட்டுவிடுவார்கள். பதினைந்து நாளுக்கு மேல் தள்ளினால் கர்ப்பப் பரிசோதனை. மறந்தால் நினைவு வந்ததும் போட்டுவிட்டு அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறையும் சேர்க்க வேண்டும். ஏழு நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து, வாரம் இரண்டாக. சினைப்பை நீர்க்கட்டி, சமீபத்திய மஞ்சள்காமாலை, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு வேண்டாம்.

நாங்குநேரி மாணவி: காப்பர் டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்கிறாள் எங்கள் ஆச்சி.

ஏறாது. கருப்பையிலிருந்து நெஞ்சுக்குப் பாதை இல்லை என்று ஆச்சிக்குப் படம் வரைந்து காட்டு. காப்பர் டியில் 380ஏ வகை பத்து வருஷம் தாங்கும், 375 வகை ஐந்து வருஷம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடலாம், தவறினால் ஆறு வாரம் கழித்து.

களக்காடு மாணவி: அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்காக எங்கள் மைனி மாதவிலக்குத் தேதியைத் தள்ளும் மாத்திரை சாப்பிட்டாள். அந்த மாதம் கரு நிற்காதுதானே?

நிற்கலாம்! அது நோரெதிஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை. மாதவிலக்கைத் தள்ளுவதற்காகச் சில நாள் போடுகிற அளவைக் கருத்தடையாக நம்பவே கூடாது. கொடை மாதங்களில் மெடிக்கலில் டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கிவிடுகிறார்கள். ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு வந்தவள் என்றால் ஆபத்து. அப்புறம், பால் கொடுக்கிறாளா?

பாளையங்கோட்டை மாணவர்: அக்கா, தீட்டு நம்பிக்கைக்கு நாமே துணை போகலாமா? கேட்கிறவளைத் திருப்பி அனுப்ப வேண்டாமா?

களக்காடு மாணவி: கொடை வருஷத்துக்கு ஒரு தடவை அண்ணா. மாவிளக்கு எடுக்க ஆசைப்படுகிறவளிடம் பிரசங்கமா பண்ணுவீர்கள்?

பாளையங்கோட்டை மாணவர்: ஆசை அவளுடையதா, மாமியாருடையதா?

தம்பி, இந்தக் கடைசிக் கேள்வி சரியானது, ஆனால் அதை அவளிடம் தனியாகக் கேட்க வேண்டும். மாமியார் பக்கத்தில் நிற்கையில் கேட்டால் என்ன பதில் வரும்? தீட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை, இருந்தும் திருப்பி அனுப்ப மாட்டேன். அனுப்பினால் நேரே கடைக்குப் போவாள், அங்கே ரத்தக்கட்டைப் பற்றி யார் கேட்பார்? டாக்டரிடம் அனுப்பு. ஆபரேஷனோ காப்பர் டியோ, எதுவானாலும் இதேதான்: விவரம் நீ சொல், முடிவு அவள் எடுக்கட்டும். இதற்குமேல் சண்டையை கேன்டீனில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலப்பாளையம் மாணவி: அவசர மாத்திரை கருக்கலைப்பா?

இல்லை. கருமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுகிறது, நின்ற கருவைக் கலைக்காது. மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன், 1.5 மி.கி. பாதுகாப்பில்லாத உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வழக்கமான முறையாக வைத்துக்கொள்ளக் கூடாது.

சேரன்மகாதேவி மாணவி: அவசர மாத்திரையை மாதாமாதம் போடலாமா?

மேலே படி.

ராதாபுரம் மாணவர்: ஆண்கள் கு.க. செய்தால் பாரம் தூக்க முடியாதாமே?

தூக்கலாம், சில நாள் ஓய்வுக்குப் பிறகு. மரத்துப்போகும் ஊசி போட்டு, கத்தியில்லாமல் சிறு துளை வழியாகச் செய்வது. சீனாவில் லி ஷுன்சியாங் 1974-இல் கொண்டுவந்த முறை. ஆண்மைக்கு ஒன்றும் ஆகாது. மறக்கக் கூடாதது, மூன்று மாதம் ஆணுறை கட்டாயம், பிறகு விந்துப் பரிசோதனை. இதைச் சொல்லாமல் அனுப்பிவிட்டு, மனைவி கர்ப்பமானதும் அவள்மேல் சந்தேகப்பட வைத்துவிடாதீர்கள்.

திசையன்விளை மாணவி: பெண்ணுக்கு ஆபரேஷன் செய்யப் புருஷன் கையெழுத்து வேண்டுமா?

விதிப்படி வேண்டாம், அவள் சம்மதம் போதும்.

அம்பாசமுத்திரம் மாணவி: அவசர மாத்திரை சாப்பிட்டும் நாள் தள்ளினால்?

ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் பரிசோதனை. இனி அவசர மாத்திரைக் கேள்விக்குப் பதில் கிடையாது.

பணகுடி மாணவி: எனக்கே மூன்று வாரமாக உதிரப்போக்கு நிற்கவில்லை...

இதை இங்கே கேட்காதே அம்மா. இன்றைக்கே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மகப்பேறு பிரிவுக்குப் போ.

முக்கூடல் மாணவி: அந்தரா போட்டதும் அந்த இடத்தைத் தேய்த்து விடலாமா?

தேய்க்காதே, ஒத்தடமும் கூடாது. மருந்து சீக்கிரம் கலந்து, மூன்று மாதம் தாங்காமல் போகும். அடுத்த தேதியைக் கார்டில் எழுதிக் கொடு. அதற்கு இரண்டு வாரம் முன்னாலும், நான்கு வாரம் பின்னாலும் போடலாம்.