செடாரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் வேலை பார்க்கிறாள். கோடையில் நாங்கள் போகும்போது செடார் என்ற கிராமத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறாள். செடார் என்றால் கடையில் விற்கும் சீஸ் என்றுதான் நாங்கள் அறிவோம். அங்கே ஒரு நாளைச் செலவிடலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: தாராளமாகச் செலவிடலாம். அந்தச் சீஸுக்குப் பெயர் தந்த ஊரே அதுதான். பிரிஸ்டலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 29 கி.மீ. தொலைவில், சாமர்செட் பகுதியில், மெண்டிப் குன்றுகளின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 5,755. நம் பக்கத்தில் இது பெரிய எண்ணிக்கை அல்ல. இங்கிலாந்தில் இவ்வளவு பேர் வாழும் ஊர் பெரிய கிராமம்.

முதலில் பார்க்க வேண்டியது மலையிடுக்கு. சுண்ணாம்புப் பாறை இருபுறமும் 137 மீட்டர் வரை எழுந்து நிற்க, நடுவே தார்ச்சாலை வளைந்து வளைந்து மேலேறுகிறது. பாறையே கண்ணில் படாத வண்டல் மண்ணில் பிறந்து வளர்ந்த நமக்கு, அங்கே நின்று அண்ணாந்து பார்ப்பது ஒன்றே போதும் என்பது என் கருத்து. குகையின் கூரை இடிந்து விழுந்து இந்த இடுக்கு உண்டானதாக முன்பு சொல்வார்கள். இன்று அதை யாரும் ஏற்பதில்லை. சுண்ணாம்புப் பாறையில் மழைநீர் பொதுவாக மேலே ஓடாமல் வெடிப்புகளின் வழியே உள்ளே இறங்கிவிடும். பனியுகங்களில் நிலம் ஆழம்வரை உறைந்து அந்த வெடிப்புகள் அடைபட்டுக் கிடந்ததால், கோடையில் உருகிய பனிநீர் வேறு வழியின்றி மேற்பரப்பிலேயே ஓடி மலையை அறுத்தது. குளிர் விலகியதும் நீர் மறுபடி பாறைக்குள் இறங்கிவிட, ஆறில்லாத பள்ளம் மட்டும் எஞ்சியது. அந்த நீர் இன்றும் நிலத்தடியில் ஓடி, இடுக்கின் அடிவாரத்தில் செடார் யோ என்ற ஆறாக வெளிவருகிறது. ஒரு காலத்தில் ஊரின் ஆலைகளை ஓட்டியதும் அதுவே.

பாறை வெடிப்புகளில் செடார் பிங்க் என்ற சிறிய இளஞ்சிவப்புப் பூ மலர்கிறது. பிரிட்டனில் அது இயற்கையாக வளரும் இடம் இது ஒன்றுதான். பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கேள்வி: செடார் குகையில் கிடைத்த ஆதிமனிதன் கறுப்பு நிறத்தவன் என்று படித்தேன். உண்மையா?
– வாசகர், திருவையாறு

பதில்: பெரும்பாலும் அப்படித்தான் என்பதே ஆய்வின் முடிவு. 1903-ஆம் ஆண்டு, கஃப் குகையில் வடிகால் வேலை நடந்தபோது ஓர் ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. அவன் வாழ்ந்து சுமார் 10,000 ஆண்டுகள் ஆகின்றன. பிரிட்டனில் ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்த எலும்புக்கூடுகளில் இதுவே மிகப் பழையது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜும் செய்த மரபணு ஆய்வின் முடிவு 2018-இல் வெளிவந்தது. அவனுக்குக் கரிய தோலும், சுருண்ட கரிய முடியும், நீலம் அல்லது பச்சை கலந்த கண்களும் இருந்திருக்க வேண்டும் என்று அது காட்டியது. ஐரோப்பியரின் வெளிர்நிறம் பிற்காலத்தில் பரவியது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று அரிது.

அதற்கும் முன்பே, 1997-இல், அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் தாய்வழி மரபணு இவனுடையதோடு ஒத்துப்போனது. அவர் இவனுடைய நேர் வாரிசு என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது; இருவருக்கும் தாய்வழியில் பொது மூதாதை ஒருத்தி இருந்தாள் என்பது வரையில்தான் சொல்ல முடியும்.

அதே குகையில் சுமார் 14,700 ஆண்டுகளுக்கு முந்தைய மனித எலும்புகளும் கிடைத்துள்ளன. சதை வழித்த வெட்டுத் தடங்களும் பல் தடங்களும் அவற்றில் உள்ளன. மண்டையோடுகள் விளிம்பு செதுக்கிக் கிண்ணமாக்கப்பட்டிருந்தன. குகையில் காட்டப்படும் அந்த 1903 எலும்புக்கூடு நகல்தான். அசல் லண்டனில் இருக்கிறது. இரண்டையும் பார்க்க முடிந்தால் பாருங்கள்.

கேள்வி: சுவாமிமலைப் படிமங்களுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. செடார் சீஸை மட்டும் எந்த நாட்டிலும் செய்து அதே பெயரில் விற்கிறார்களே, எப்படி? அது சைவமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: செடார் என்ற பெயர் ஊரைவிட்டு வெகுகாலத்துக்கு முன்பே வெளியேறிவிட்டது. 1170-இல் இரண்டாம் ஹென்றி மன்னர் 10,240 பவுண்டு எடையுள்ள செடார் சீஸ் வாங்கியதாக அரசுக் கணக்கேட்டில் பதிவு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் சாமர்செட்டைச் சேர்ந்த ஜோசப் ஹார்டிங் செய்முறையை வரையறுத்து எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தார். அது கடல் கடந்து பரவியது. இன்று ‘வெஸ்ட் கன்ட்ரி ஃபார்ம்ஹவுஸ் செடார்’ என்ற நீண்ட பெயருக்கு மட்டுமே பாதுகாப்பு உண்டு. சாமர்செட், டெவன், டோர்செட், கார்ன்வால் ஆகிய நான்கு பகுதிகளில் மரபுமுறைப்படி செய்தால்தான் அதைப் பயன்படுத்தலாம். இந்த ஏற்பாடு மிகவும் தாமதமாக வந்தது என்பதே என் வருத்தம்.

செய்முறையை ஊருக்குள் இருக்கும் சீஸ் பட்டறையில் நேரில் பார்க்கலாம். திரிந்து கெட்டியான பாலைப் பாளம் பாளமாக அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சிறிது நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் புரட்டி மாற்றி அடுக்குகிறார்கள். மேல்பாளத்தின் கனத்தில் கீழ்ப்பாளத்தின் நீர் வடிந்துவிடும். பிறகு துண்டாக்கி, உப்பிட்டு, அச்சில் அழுத்தித் துணி சுற்றி மாதக்கணக்கில் முதிர விடுகிறார்கள். சிலவற்றைக் கஃப் குகையிலேயே முதிர வைக்கிறார்கள். ஆண்டு முழுவதும் அங்கே ஒரே சீரான குளிர்ச்சி இருப்பதே காரணம்.

சைவமா என்பதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். நாம் பாலுக்கு மோர் ஊற்றி உறைய வைப்பதுபோல் அவர்கள் ரெனெட் சேர்க்கிறார்கள். மரபுப்படி அது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. நுண்ணுயிரிலிருந்து பெறும் ரெனெட்டும் உண்டு. அப்படிச் செய்ததில் சைவம் என்ற குறிப்பு இருக்கும். துணி சுற்றிய சீஸில் அந்தத் துணிக்குப் பன்றிக் கொழுப்பு பூசும் வழக்கமும் இருப்பதால், அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஊருக்குள் பழைய கட்டடங்கள் உண்டா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஆங்கிலோ-சாக்சன் மன்னர்களுக்கு அங்கே அரண்மனை இருந்தது, 941, 956, 968 ஆகிய ஆண்டுகளில் அரசவை கூடியது. 1960-களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வில் மரக் கூடங்களின் அடித்தடங்கள் வெளிப்பட்டன. இன்று பள்ளி வளாகத்தில் அவற்றின் எல்லைகள் தரையில் குறிக்கப்பட்டுள்ளன. ஊர்நடுவே பழைய சந்தைச் சிலுவையும், 15-ஆம் நூற்றாண்டுக் கோபுரம் கொண்ட புனித ஆண்ட்ரூ தேவாலயமும் இருக்கின்றன. எழுத்தாளர் ஹன்னா மோர் பெயரில் உள்ள வீட்டையும் பாருங்கள். அடிமை வணிகத்தை எதிர்த்த வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் 1789-இல் மலையிடுக்கைக் காண வந்து, ஊர் மக்களின் வறுமையைக் கண்டு மனம் கலங்கித் திரும்பினார். அவர் தூண்ட, அதே ஆண்டில் ஹன்னா மோர் அங்கே ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்.

கேள்வி: எனக்கு மூட்டுவலி. மலை ஏற வேண்டுமா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: ஏற வேண்டியதில்லை. ‘ஜேக்கப் ஏணி’ எனப்படும் 274 படிகளை இளையவர்களுக்கு விட்டுவிட்டு, இடுக்கின் வழியே காரில் போய்வாருங்கள். குகைக்குள் கோடையிலும் குளிரும், சால்வை அவசியம். கிளம்பும் முன் குகை திறந்திருக்கும் நாளை உறுதிசெய்துகொள்ளுங்கள். 1869-இல் வந்த ரயில் 1963-இல் பயணிகளுக்கு நிறுத்தப்பட்டதால் பேருந்து அல்லது கார்தான் வழி. அந்த ரயில் சுமந்துசென்ற ஸ்ட்ராபெரி இன்றும் செடாரில் விளைகிறது. ஜூன் மாதம் போனால் புதிதாகப் பறித்ததை வாங்கலாம்.