கணினி கேள்வி–பதில்: நட்சத்திரக் குறி இல்லாத பாதை

கேள்வி: குற்றாலச் சீசனுக்கு வருவோருக்காக எங்கள் விடுதியின் தளத்தை என்ஜின்எக்ஸிலிருந்து கேடி 2 வெப் சர்வருக்கு மாற்றினேன். /ரூம்ஸ் பக்கம் வருகிறது. /ரூம்ஸ்/ஏசி போன்ற உட்பக்கங்கள் வருவதில்லை. புனலூர், தென்மலைப் பக்கத்திலிருந்து வருபவர்களை மலையாளப் பக்கத்துக்கு அனுப்ப முயன்றால், ரீடைரக்ட் (வேறு பக்கத்துக்குத் திருப்பி அனுப்புவது) அளவுக்கு மீறியதாக பிரவுசர் பிழை காட்டி நின்றுவிடுகிறது.
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்: என்ஜின்எக்ஸில் லொக்கேஷன் /ரூம்ஸ் என்று எழுதினால், அந்த எழுத்துகளில் தொடங்கும் எல்லாப் பாதைகளையும் அது ஏற்கும். கேடி 2 அப்படியன்று. எழுதிய பாதை எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் மட்டுமே ஏற்கும். /ரூம்ஸ்* என்று, பின்னால் எது வந்தாலும் ஏற்கச் சொல்லும் நட்சத்திரக் குறி சேர்த்தால் வேலை நடக்கும் என்றாலும், நாளை நீங்கள் /ரூம்ஸ்பழையது என்றொரு பக்கம் வைத்தால் அதுவும் அதே வலையில் விழும். ஆகவே @அறை என்று பெயரிட்ட ஒரு மேட்சரை (எந்தக் கோரிக்கைகளை ஏற்பது என்ற நிபந்தனைத் தொகுப்பை) அமைத்து, அதனுள் பாத் என்ற ஒரே வரியில் /ரூம்ஸ், /ரூம்ஸ்/* ஆகிய இரண்டையும் இடைவெளி விட்டு எழுதி, கோரிக்கையைக் கையாளும் ஹேண்டில் கட்டளைக்கு @அறை என்று கொடுப்பதே சரி. ஒரே வரியில் உள்ள பாதைகளுள் ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும்.

இரண்டாவது சிக்கலில், பயனர் விரும்பும் மொழியைக் காட்ட பிரவுசர் ஒவ்வொரு கோரிக்கையுடனும் அனுப்பும் குறிப்பான அக்செப்ட்-லாங்குவேஜ் ஹெட்டரை மட்டுமே நிபந்தனையாக வைத்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. மலையாளப் பக்கத்தைக் கேட்கும்போதும் பிரவுசர் அதே ஹெட்டரைத்தான் அனுப்புகிறது என்பதால், அங்கே போய்ச் சேர்ந்தவரையும் சர்வர் மறுபடி அங்கேயே அனுப்புகிறது. @மலையாளம் என்ற மேட்சருக்குள் ஹெட்டர் வரியில் அக்செப்ட்-லாங்குவேஜுக்கு எம்எல்* (எம்எல் என்பது மலையாளத்தின் மொழிக்குறி) என்ற மதிப்பையும், அதன் கீழே தனி வரியில் முகப்பைக் குறிக்கும் பாத் / என்பதையும் எழுதுங்கள். வெவ்வேறு வகை நிபந்தனைகள் ஒரு மேட்சருக்குள் இருந்தால் அத்தனையும் பொருந்தியாக வேண்டும். பாதையும் முழுதாக ஒத்துப்போக வேண்டும் என்பதால் முகப்புக்கு வருபவர் மட்டுமே திருப்பி அனுப்பப்படுவார். முதல் சிக்கலில் உங்களை வதைத்த அதே கண்டிப்பு இங்கே உதவிக்கு வருகிறது.

ரீடைரக்டை நிரந்தரமானதாக அமைக்காமல், கேடி தானாகத் தரும் 302 (தற்காலிக ரீடைரக்ட்) ஆகவே விட்டுவிடுங்கள். நிரந்தரமான 301 என்றால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். போனை ஆங்கிலத்தில் வைத்திருக்கும் மலையாளிகளை இந்த மேட்சர் கண்டுகொள்ளாது. அவர்களுக்காக முகப்பின் மேலே மலையாளத்திலேயே ஓர் இணைப்பு வைப்பது, என் கருத்தில், இந்த ரீடைரக்டைவிட அவசியமானது.