வீட்டில் இன்ஜினைப் பிரித்துக் கோர்க்கும்போது பெயின்ட் அடிப்பது எப்படி, எதற்காக?

இன்ஜின் பெயின்ட் என்பது சூட்டிலும் ஆயிலிலும் உரிந்து போகாத எனாமல். பொதுவாக 250 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். இன்ஜினின் முக்கிய உடல் பகுதியான வார்ப்பிரும்பு பிளாக் துருப்பிடிக்காமல் இருக்கத்தான் இதை அடிக்கிறோம். பின்னால் ஆயில் கசிந்தாலும் சட்டென்று கண்ணில் படும், அது பெரிய லாபம்.

பாதி வேலை கழுவுவதில்தான். எண்ணெய் வழியும் நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு நிற்குமா? கிரீஸ் மிச்சமிருந்தால் பெயின்ட்டும் அப்படித்தான், செதில் செதிலாக உரியும். டிகிரீசர் (கிரீஸை நீக்கும் திரவம்) போட்டுக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். கேஸ்கெட் (இரண்டு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) உட்காரும் பரப்பு, போல்ட் துளைகள் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடுவது கட்டாயம். பிறகு மெல்லிய கோட்டாக இரண்டு மூன்று முறை. இன்ஜினிலிருந்து சூடான புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் மட்டும் இது நிற்காது. 600 டிகிரிக்கு மேல் தாங்கும் பெயின்ட் தனியாக உண்டு.

பெயின்ட் அடித்தால் இன்ஜின் ஓவர்ஹீட் ஆகும் என்று பலர் பயப்படுகிறார்கள். பிளாக்கின் சூட்டைப் பெரும்பாலும் இழுத்துச் செல்வது கூலன்ட்டும் ரேடியேட்டரும்தான், மெல்லிய பூச்சு அதைத் தடுக்காது.