மகள் பிரசவத்துக்கு ஜெர்மனி பயணம்: 90 நாள் கணக்கு எப்படி?

கேள்வி: நான் கிள்ளானைச் சேர்ந்தவள், மலேசியக் கடப்பிதழ் வைத்திருக்கிறேன். மகள் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள். 2026 ஜனவரி 10ஆம் தேதி அங்கே போய் மார்ச் 10ஆம் தேதி கிளம்பினேன். ஜூன் கடைசியில் அவளுக்குப் பிரசவம். ஜூன் 1 முதல் ஆகஸ்டு 29 வரை 90 நாளுக்கு டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன். நடுவில் ஊருக்கு வந்துவிட்டதால் புதிதாக 90 நாள் கிடைக்கும்தானே? இல்லையென்றால், இடையில் ஒரு வாரம் லண்டனில் அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தால் சரியாகிவிடுமா?

பதில்: அம்மா, அந்த டிக்கெட்டுக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டாதீர்கள். ஜூன் 1ஆம் தேதி போனால் ஜூன் 30க்குள் நீங்கள் வெளியேற வேண்டியிருக்கும். பேரக்குழந்தை பிறந்த கையோடு கிளம்பும்படி ஆகிவிடும்.

ஜெர்மனியையும் சேர்த்து, தங்களுக்குள் எல்லைச் சோதனையில்லாமல் ஒரே நுழைவு விதியை வைத்திருக்கும் ஐரோப்பிய நாடுகளை ஷெங்கன் நாடுகள் என்பார்கள். மலேசியர்களுக்கு அங்கே விசா தேவையில்லை. ஆனால் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. இந்த ‘எந்த’ என்ற சொல்லில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். ஊருக்குத் திரும்பியதும் கணக்கு பூஜ்யமாவதில்லை. நீங்கள் அங்கே இருக்கும் ஒவ்வொரு நாளும், அன்றைய தேதியையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ணுவார்கள். அதற்குள் எத்தனை நாள் அங்கே இருந்தீர்கள் என்பதுதான் கேள்வி. இறங்கிய நாள், கிளம்பிய நாள் இரண்டும் முழு நாளாகச் சேரும். இரவு பதினொன்றரைக்குக் குடிநுழைவைத் தாண்டினாலும் அது ஒரு நாள்தான்.

உங்கள் முதல் பயணம் ஜனவரியில் 22, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 10, ஆக 60 நாள். ஜூன் மாதம் முழுவதும் அந்த 60 நாளும் 180க்குள் அப்படியே இருக்கின்றன. மிச்சம் 30தான். ஜூலை 1 உங்களுக்கு 91ஆவது நாள்.

ஆனால் ஒரு நல்ல சேதி இருக்கிறது. பயணத்தை எட்டே எட்டு நாள் தள்ளி ஜூன் 9ஆம் தேதி போய் இறங்குங்கள். ஜூலை 8ஆம் தேதி உங்கள் 30 நாள் முடியும். மறுநாள், ஜூலை 9 அன்று, பழைய ஜனவரி 10 அந்த 180 நாளைவிட்டு வெளியே போய்விடும். ஒரு நாள் சேர, ஒரு நாள் கழியும். அதற்கடுத்த நாளும் அப்படியே. மார்ச் 10 வரையிலான நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே வருவதால் செப்டம்பர் 6 வரை, முழுசாக 90 நாள், நீங்கள் இருக்கலாம். ஜூன் 8ஆம் தேதி இறங்கினால் இந்த வசதி கிடையாது, 30 நாள்தான். ஒரே ஒரு நாள் வித்தியாசம் இரண்டு மாதத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால்தான் விரல்விட்டு எண்ணாமல், ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும் கணிப்பானில் தேதிகளைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

லண்டன் விஷயம். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, அங்கே கழிக்கும் நாட்கள் இந்தக் கணக்கில் வராது. அதற்காகப் போய்வந்ததும் கணக்கு புதிதாகத் தொடங்குவதும் இல்லை. உங்கள் பழைய திட்டப்படி ஜூன் 1 போய், ஜூன் 30 லண்டனுக்குக் கிளம்பி ஒரு வாரம் கழித்து ஜூலை 7 திரும்பினால், உங்கள் கையில் ஒரு நாள்கூட மிச்சமிருக்காது, எல்லையிலேயே திருப்பி அனுப்பலாம். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு உதவியாகப் போகிறவருக்கு அந்த அலைச்சல் எதற்கு? அண்ணனைப் பார்க்கப் போவதானால், பிரிட்டனுக்கு முன்கூட்டியே இணையத்தில் பயண அனுமதி வாங்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சுவிட்சர்லாந்து போனால் நாள் மிச்சமாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது, ஷெங்கனின் 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்குதான்.

‘இரண்டு நாள் கூடினால் யார் பார்க்கப்போகிறார்கள்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாக முகம், கைரேகையோடு வருகையையும் வெளியேற்றத்தையும் கணினியில் படிப்படியாகப் பதியத் தொடங்கிவிட்டார்கள். நாள் கூடினால் கணினியே காட்டிக்கொடுக்கும். அபராதம் வரலாம், சில ஆண்டுகள் நுழையத் தடைகூட வரலாம். பேரனோ பேத்தியோ வளரும் வயதில் அந்தத் தடை வந்தால் எவ்வளவு வேதனை!

உடல்நிலை மோசமாகி உண்மையிலேயே கிளம்ப முடியாமல் போனால், 90 நாள் முடிவதற்கு முன்பே மருத்துவச் சான்றோடு மகள் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் நீட்டிப்பு கேட்கலாம். மகளுக்குத் துணையாக இருக்க ஆசை என்பது மட்டும் அதற்குக் காரணமாகாது.

அப்புறம், கடப்பிதழ் எடுத்துப் பத்து ஆண்டு ஆகியிருக்கக் கூடாது, திரும்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட்டை செப்டம்பர் 6க்குப் போடாமல் 3 அல்லது 4ஆம் தேதிக்குப் போடுங்கள். விமானம் ரத்தானாலும் உங்களுக்கு இரண்டு நாள் கையில் இருக்கும்.