“உனக்குப் புரியாதும்மா!”

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ என்ற ஆங்கிலப் பேய்த் தொடரை மூன்றாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். ஒரு பெண் அந்தரத்தில் தொங்க, கை கால் எலும்பெல்லாம் மளமளவென்று முறிகிறது. எனக்கு அன்றிரவு தூக்கமே இல்லை. “இதில் என்னடி இருக்கு?” என்று கேட்டால், “உனக்குப் புரியாதும்மா” என்கிறாள். அவள் மனதில் ஏதாவது கோளாறா? நிறுத்தச் சொல்லலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கோளாறு என்று நினைக்கும்படி உங்கள் கடிதத்தில் எதுவும் இல்லை. பயப்படாதீர்கள்.

நீங்கள் பார்த்தது நான்காவது சீசனின் முதல் எபிசோடாக இருக்க வேண்டும். அந்தப் பெண் பெயர் கிறிஸ்ஸி. பள்ளியில் எல்லோருக்கும் பிடித்த, சிரித்த முகமாக வளையவரும் பெண். ஆனால் அதற்கு முன்பு நடப்பதை நீங்கள் பார்க்கவில்லை. தன் உடம்பைப் பற்றி அம்மா சொன்ன சொற்கள் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கின்றன. பள்ளிக் கழிவறையில் தனியாக வாந்தி எடுக்கிறாள். வெக்னா என்கிற அந்தப் பிசாசு தேடிப் பிடிப்பதெல்லாம் இப்படி எதையோ வெளியே சொல்லாமல் புழுங்கும் பிள்ளைகளைத்தான். தலைவலி, மூக்கில் ரத்தம், கெட்ட கனவு, அப்புறம் எங்கிருந்தோ ஒரு கடிகாரம் அடிக்கும் சத்தம். வயதுப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு நெருக்கமான பயம் என்று யோசித்துப் பாருங்கள். தேர்வு பயத்தையும் கண்ணாடி முன்னால் நிற்கிற கூச்சத்தையும் அவர்களால் நம்மிடம் சொல்ல முடிவதில்லை. திரையில் அதற்கு ஒரு உருவம் கிடைக்கிறது. உருவம் இருந்தால் எதிர்த்து நிற்கலாம் இல்லையா?

மேக்ஸ் என்ற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் கண்ணெதிரே செத்துப்போனதிலிருந்து காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, யாரோடும் ஒட்டாமல் திரிகிறாள். பள்ளி ஆலோசகர் கேட்டாலும் “நல்லாத்தான் இருக்கேன்” என்பதுதான் பதில். அண்ணன் கல்லறை முன்னால் உட்கார்ந்து, தான் எழுதிய கடிதத்தைப் படிக்கும்போது வெக்னா அவளைப் பிடிக்கிறது. நண்பர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அவளுக்குப் பிடித்த பாட்டு கேசட்டைத் தேடியெடுத்து, அந்த ஹெட்ஃபோனையே காதில் வைக்கிறார்கள். வெக்னாவின் பிடிக்குள்ளே அவள் நண்பர்களோடு சிரித்த நாட்களை நினைத்துக்கொண்டு, தூரத்தில் தெரியும் வெளிச்சத்தை நோக்கி ஓடுகிறாள். நானும் அழுதேன். 1985-ல் கேட் புஷ் பாடிய அந்தப் பாட்டு, 2022-ல் இந்த எபிசோட் வந்த பிறகு பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. அந்தப் பாட்டு வந்தபோது பிறந்தே இராத பிள்ளைகள் அதைத் தேடித் தேடிக் கேட்டார்கள்.

இன்னொன்று. இந்தக் கதை முதல் சீசனில் பிடித்து நிற்பதே ஒரு அம்மாவால்தான். 1983-ல், ஹாக்கின்ஸ் என்ற சின்ன ஊரில், ஜாய்ஸின் பிள்ளை காணாமல் போகிறான். அவன் உடல் என்று ஒன்றைக் காட்டியும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. வீடு முழுக்கக் கிறிஸ்துமஸ் விளக்குச் சரம் கட்டி, சுவரில் கறுப்புப் பெயின்ட்டால் எழுத்துகளை எழுதி, ஒவ்வொரு விளக்காக எரிவதை வைத்து மகன் சொல்வதைப் படிக்கிறாள். ஊரே அவளுக்குப் பைத்தியம் என்கிறது. உங்கள் மகள் மூன்று முறை பார்த்ததில் இந்தக் காட்சியும் உண்டு.

அதனால் நிறுத்தச் சொல்லாதீர்கள். அமெரிக்காவில் இதை 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றுதான் தரம் பிரித்திருக்கிறார்கள். அந்த எலும்பு முறியும் காட்சிகள் கொடூரம்தான், மறுக்கவில்லை. ராத்திரி படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் சீசனின் முதல் எபிசோடை உங்களுக்காகப் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். யார் யார் என்று கேளுங்கள், கதை சொல்ல விடுங்கள். “உனக்கு இதில் யாரைப் பிடிக்கும்?” என்று ஒரே ஒரு கேள்வி. மேக்ஸ் என்று சொன்னால் ஏன் என்று அவசரப்பட்டுக் குடையாதீர்கள், அவளே சொல்வாள்.

தூக்கம் கெடுகிறது, சாப்பாட்டை ஒதுக்குகிறாள், தோழிகளை விட்டு விலகுகிறாள் என்றால் மட்டும் தள்ளிப்போட வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான 14416 (டெலிமானஸ்) எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.

முதல் எபிசோட் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.