டியூப் போதுமா, பித்தப்பையையே எடுத்துவிடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது, சர்க்கரை உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். கல் அடைத்துப் பித்தப்பை வீங்கி அட்மிட் ஆகியிருக்கிறார். ஒரு டாக்டர் டியூப் போதும் என்கிறார், இன்னொருவர் எடுத்துவிடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: "வயசானவர், ஆபரேஷன் தாங்க மாட்டார்" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம், அங்கேதான் தப்பு. டியூப் என்பது வலது விலாப் பக்கம் தோலை மரக்கச் செய்து, ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி வழியாக உள்ளே விட்டு, தேங்கிய பித்தத்தையும் சீழையும் வெளியே தொங்கும் பையில் வடிய விடுவது. முழு மயக்கம் வேண்டாம், சரி, ஆனால் கல் அங்கேயேதான் இருக்கும். நெதர்லாந்தில் அபாயம் கூடுதலாக உள்ள 142 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2018-ல் வெளியிட்டார்கள்: பெரிய சிக்கல் வந்தது லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியாக, பித்தப்பையை எடுத்தவர்களில் 12 சதவீதம், டியூப் போட்டவர்களில் 65. இறப்பில் மட்டும் தெளிவான வித்தியாசமில்லை. ஏற்கெனவே ஐசியூவில் இருந்தவர்களை அதில் சேர்க்கவில்லை. பிரஷர் சரிந்து கிடப்பவருக்கு டியூப்தான் கைகொடுக்கும். ஸ்டென்ட் எப்போது வைத்தது, ரத்தம் உறையாமலிருக்க என்ன மாத்திரை என்பதை அனஸ்தீசியா டாக்டரிடம் சொல்லுங்கள். டியூப்தான் என்றால், எப்போது கழற்றுவார்கள், அப்புறம் ஆபரேஷன் உண்டா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.